மறுப்பதானால் உடனே மறுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர், பொறியாளர், கணக்குத் தணிக்கையாளர், வழக்கறிஞர் போன்றவர்கள் தம் தொழிற்கடமையில் தவறினால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் செல்லலாம் என்று விளக்கும் கட்டுரைகளைத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது படிக்கிறேன். அவை பயனுள்ளவை. ஆனால் அத்தகைய வழக்கை நடத்தித் தரும் வழக்கறிஞரைத் தேடி அலையும் மாதங்களில் என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றி எவரும் எழுதி நான் பார்க்கவில்லை. என் தங்கைக்காக நான் அலைந்தேன். அதில் கண்டதையும், வழக்கறிஞர்களிடம் எனக்கிருக்கும் ஒரே ஒரு கோரிக்கையையும் தங்கள் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

தங்கைக்குப் பித்தப்பைக் கல்லுக்காக நுண்துளை அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் கடுமையான வயிற்று வலியும் கண்ணில் மஞ்சள் நிறமும் இருப்பதாக அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பித்தநாளம் வெட்டுப்பட்டிருந்தது பதினொரு நாள் கழித்து வேறொரு மருத்துவமனையில்தான் தெரியவந்தது. மீண்டும் வயிற்றைத் திறந்தார்கள். மூன்று மாதத்தில் ஒரு வழக்கறிஞரிடம் வக்காலத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். "நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டாயிற்று, எண் வர வேண்டியதுதான் பாக்கி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களே போய்ப் பதிவேட்டைப் பார்த்தபோது அப்படி ஒரு மனுவே இல்லை. அறுவை சிகிச்சை நடந்து அப்போது இருபத்தெட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கும் கெடு இரண்டு ஆண்டுகள். அதாவது நான்கு மாதங்களுக்கு முன்பே அது முடிந்துவிட்டிருந்தது.

ஆக, மருத்துவமனை மீது ஒரு குறை, அதைக் கவனிக்க அமர்த்திய வழக்கறிஞர் மீது இன்னொரு குறை என்று இரட்டைச் சுமையோடு மறுபடியும் வழக்கறிஞரைத் தேடத் தொடங்கினோம். முதலில் பார்த்தவர் அனுபவம் மிக்க மூத்தவர். கேஸ் கட்டை வாங்கி வைத்துக்கொண்டார். போகும்போதெல்லாம் "ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று குமாஸ்தா சொல்வார். ஐந்து மாதம் கழித்து, "அந்த வக்கீலும் நானும் ஒரே வக்கீல் சங்கத்தில் இருக்கிறோம், தினமும் முகத்தில் விழிக்க வேண்டும், வேறு யாரையாவது பாருங்கள்" என்று கட்டைத் திருப்பித் தந்தார். அவர் எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதிர்த்தரப்பினர் யார் என்பதை அவர் முதல் நாளே அறிவார். ஐந்து மாதம் கழித்துச் சொன்ன சொல்லை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இரண்டாமவர் கோடை விடுமுறை முடியட்டும் என்றார், பிறகு இன்னொரு வாரம் என்றார், பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. அதில் மேலும் இரண்டரை மாதம் போயிற்று.

மூன்றாவதாக நாங்கள் பார்த்த பெண் வழக்கறிஞர் வேறொரு மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்பவர். அவரும் எங்கள் வழக்கை ஏற்கவில்லை. இருந்தும் இந்த மூன்று ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அவரிடமிருந்துதான் வந்தது. கட்டைக் கொடுத்த மூன்றாம் நாள் ஒன்றரைப் பக்கக் கடிதம் ஒன்றைத் தந்தார். மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் தமக்குப் பழக்கமில்லை என்பதால் ஏற்க இயலவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதை ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில் இருக்கிறது என்று விளக்கியிருந்தார். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுப்பதானால் மூன்றாண்டுக் கெடு என்று கொள்ள வேண்டும், அறுவை சிகிச்சை நாளிலிருந்து எண்ணினால் இன்னும் பதினான்கு நாட்களே உள்ளன, அந்தக் கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அங்கே கிடையாது என்று கடைசி நாளின் தேதியைக் குறிப்பிட்டு அதன் கீழே கோடிட்டிருந்தார். அந்தத் தேதியை அதுவரை எவரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. முதல் இருவரிடமும் எங்கள் கட்டு அலமாரியில் கிடந்த ஏழரை மாதமும் அந்த நாள் எங்களை நெருங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரு வழக்கை மறுக்க வழக்கறிஞருக்கு உரிமை உண்டு. இத்தகைய வழக்குகளை மறுப்பதற்குப் பல நியாயமான காரணங்களும் இருக்கின்றன. அவற்றை இப்போது ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறேன். சிகிச்சையின் முடிவு மோசமாக இருந்தது என்பது மட்டும் கவனக்குறைவாகிவிடாது. 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் இன்றும் பல நாடுகளில் செல்வாக்கோடு இருக்கிறது. அந்தத் துறையில் தேர்ந்த, பொறுப்புள்ள ஒரு பிரிவினர் சரியென்று ஏற்கும் முறைப்படி மருத்துவர் நடந்திருந்தால், வேறு சிலர் வேறு விதமாகச் செய்திருப்பார்கள் என்பதற்காக அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பது அதன் சாரம். அந்தப் பிரிவினரின் கருத்தும் தர்க்கத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 1997இல் போலிதோ வழக்கில், அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சேர்த்துச் சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் போலம் அளவுகோலை ஒட்டியே தீர்ப்பளித்தது. எங்கள் விஷயத்தில் பித்தநாளம் காயப்பட்டது இந்த அறுவையில் நேரக்கூடிய, நூல்களில் எழுதப்பட்ட ஆபத்து என்று மருத்துவமனை சொல்லிவிட முடியும். வலியும் மஞ்சளும் தெரிந்த பிறகும் பரிசோதிக்காமல் அனுப்பியது சரியா என்பதுதான் வழக்கு. இந்த வேறுபாட்டை எடுத்துரைக்க அதே துறையில் பணிபுரியும் அறுவை மருத்துவர் ஒருவரின் கருத்து வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்த 60 நாட்களுக்குள் தகுதியுள்ள ஒருவரின் உறுதிமொழிப் பத்திரத்தை வாதி கொடுத்தாக வேண்டும் என்றே விதி இருக்கிறது. மருத்துவர்களுக்கு மட்டுமன்றி வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர் மீதான வழக்குகளுக்கும் அது பொருந்தும்.

வழக்கறிஞர் மீதே வழக்கு என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அவர் கெடுவைத் தவறவிட்டார் என்று காட்டினால் மட்டும் போதாது. தவறவிடாமல் இருந்திருந்தால் அந்தப் பழைய வழக்கில் என்ன கிடைத்திருக்கும் என்பதையும் நிறுவ வேண்டும். ஒரு வழக்குக்குள் இன்னொரு வழக்கை நடத்தியாக வேண்டும் என்பதால் செலவும் உழைப்பும் இரண்டு மடங்காகின்றன. இதோடு ஒரே நீதிமன்ற வளாகத்தில் நாள்தோறும் எதிர்ப்படும் சக வழக்கறிஞரைக் கூண்டில் நிறுத்தும் சங்கடமும் சேர்கிறது.

சட்டம் இவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்திருக்கிறது என்ற எண்ணமும் மக்களிடையே இருக்கிறது. 2024 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று தீர்ப்பளித்தபோது, இனி வக்கீலை எதிர்த்து எங்குமே போக முடியாது என்று பலர் பேசிக்கொண்டார்கள். அது தவறான புரிதல். மருத்துவர்களின் சேவை 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குள் வந்ததே, அந்த ஒரு வாசல்தான் வழக்கறிஞர்கள் விஷயத்தில் மூடப்பட்டிருக்கிறது. தொழிற்கடமையில் கவனக்குறைவு காட்டிய வழக்கறிஞர், வழக்கறிஞர் என்ற காரணத்தால் மட்டும் வழக்கிலிருந்து தப்ப முடியாது என்று 1926ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஒழுங்கு நடவடிக்கை கோரி வழக்கறிஞர் மன்றத்தில் (பார் கவுன்சிலில்) புகார் செய்ய 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் இடமளிக்கிறது. நாட்டுக்கு நாடு இதில் வேறுபாடு உண்டு. நீதிமன்றத்தில் வாதாடியதற்காக வழக்கறிஞர் மீது வழக்குப் போட முடியாது என்ற பழைய பாதுகாப்பை இங்கிலாந்து 2000இல் நீக்கியது. ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2005இல் அதைத் தக்கவைத்துக்கொண்டது.

கட்டணமும் ஒரு சல்லடைதான். அமெரிக்காவில் வென்றால் மட்டுமே இழப்பீட்டில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறும் முறை பரவலாக உள்ளது. அங்கே வழக்கறிஞர் தம் சொந்தப் பணத்தையே செலவிட வேண்டியிருப்பதால், தவறு தெளிவாக இருந்தாலும் இழப்பீடு சிறியதாக இருக்கும் என்று பட்டால் ஏற்கமாட்டார். இந்தியாவில் அந்த முறைக்கு வழக்கறிஞர் மன்ற விதிகள் இடம் தரவில்லை. முன்பணமும் வாய்தாவுக்கு வாய்தா கட்டணமும் வாங்குகிறவருக்கு, தோற்கக்கூடிய வழக்கை மறுக்க வேண்டிய அவசியம் குறைவு. எனவே கட்டைப் பிரித்துப் பார்க்காமலேயே "கண்டிப்பாக ஜெயிக்கலாம், வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்பவரிடம்தான் அதிகக் கவனம் தேவை. மனுவே போடாமல் இருந்த எங்கள் பழைய வழக்கறிஞர் அப்படித்தான் சொன்னார், நாங்களும் மகிழ்ந்துபோனோம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் காலத்தைப் பற்றிய என் மனக்குறை தீரவில்லை. கெடு ஒவ்வோரிடத்திலும் ஒரு விதமாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வழக்கறிஞரின் தவறு தெரியவந்ததிலிருந்து பொதுவாக ஓர் ஆண்டு, தவறு நேர்ந்ததிலிருந்து நான்கு ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு. இங்கிலாந்தில் உடல் காயத்துக்கு மூன்று ஆண்டு, ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டு. இவற்றைச் சாதாரண மனிதர் தாமாகத் தெரிந்துவைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்துகொள்ளத்தான் அவர் வழக்கறிஞரிடம் வருகிறார். வந்தவர் வேறொருவரிடம் போகாமல் நின்றுவிடுவதற்கு, "பார்க்கலாம்" என்ற ஒரு சொல் போதும்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 1980இல் தந்த ஒரு தீர்ப்பை ஒவ்வொரு வழக்கறிஞரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனையில் நேர்ந்த தவறால் பேச்சையும் உடல் இயக்கத்தையும் இழந்த ஒருவரின் மனைவி ஒரு வழக்கறிஞரைச் சந்தித்து நடந்ததைச் சொன்னார். இதில் வழக்குக்கு இடமிருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை, கூட்டாளியிடமும் கேட்கிறேன் என்று அவர் பதில் சொன்னார். கட்டணம் வாங்கவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை, அங்கே இருந்த இரண்டாண்டுக் கெடுவைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. அந்த அம்மாள் அவர் சொன்னதை நம்பி இருந்துவிட்டார், கெடு போய்விட்டது. அந்த ஒரு சந்திப்பே வழக்கறிஞர், கட்சிக்காரர் உறவை ஏற்படுத்திவிட்டது என்று கூறி, வழக்கறிஞர் நிறுவனம் ஆறு லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்ற ஜூரியின் முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது. மற்ற நாடுகளை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் வழக்கை ஏற்காதவருக்கும் ஒரு கடமை இருக்கிறது என்ற அதன் நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

தேடலில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்றால், நாங்கள் தாமதமாகக் கற்றவற்றையே சொல்வேன். விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதி வழக்கறிஞர்களுக்கு இருக்கும் இடங்களில், யார் இந்தத் துறையில் உழைப்பவர் என்பதைத் தீர்ப்புகளே காட்டிக்கொடுக்கும். அண்மைய மருத்துவக் கவனக்குறைவுத் தீர்ப்புகளை எடுத்து, புகார்தாரர் தரப்பில் ஆஜரானவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது வழக்கறிஞரை நாங்கள் கண்டது அப்படித்தான். அந்தப் பட்டியலிலும், மற்ற வழக்குகளில் மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு விஷயம் தெரியும், ஆனால் உங்கள் எதிர்த்தரப்பே அவர்களுடைய கட்சிக்காரராக இருக்கலாம். எனவே நடந்த கதையைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவமனையின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் சொல்லி, இவர்களுக்காக எப்போதாவது ஆஜராகியிருக்கிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். வழக்கறிஞர் மீது புகார் என்றால் அவர் தொழில் செய்யும் நீதிமன்றத்துக்கு வெளியே தேடுவது நல்லது.

அசல் ஆவணங்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். என்ன நடந்தது என்பதை நாள்வாரியாக ஒரே பக்கத்தில் எழுதி மேலே வையுங்கள். எங்கள் கட்டு இருநூறு பக்கத்தைத் தாண்டியிருந்தது, அதை யாரும் முதல் பார்வையில் படிக்கமாட்டார்கள் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள். பழைய வழக்கறிஞர் கட்டணப் பாக்கியைக் காட்டிக் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இதை அறியாமல் நாங்கள் பழைய கட்டுக்காக நாலைந்து முறை கெஞ்சிக்கொண்டு நின்றோம். பணம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச உதவி உண்டு.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மனு போடாத விஷயம் வெளிவந்ததும் எங்கள் பழைய வழக்கறிஞர் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தங்கை எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். அவள் பேனாவை எடுத்துவிட்டாள். வேறொரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும்படி எழுத்தில் அறிவுறுத்தாமலும், அதற்கு நேரம் கொடுக்காமலும், தம் தவறு குறித்துக் கட்சிக்காரரிடம் நேரடியாகச் சமரசம் எழுதி வாங்கக் கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில் ஒரு விதி இருக்கிறது. அதன் அவசியத்தை அன்று நேரில் கண்டேன்.

மூன்றாமவரின் கடிதத்தோடு நான்காவது வழக்கறிஞரிடம் போனோம். அவர் அன்றிரவே உட்கார்ந்து வாதுரை எழுதினார். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வழக்குத் தாக்கலாகி எண்ணும் விழுந்தது. அறுவை மருத்துவர் ஒருவர் குறிப்புகளைப் படித்துக் கருத்து எழுதித் தந்திருக்கிறார். வழக்கு நடக்கிறது. முடிவு எப்படி வருமோ, அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். தங்கையின் குறையை ஒரு நீதிபதி காது கொடுத்துக் கேட்கும் நிலை வந்ததே, அது வழக்கை ஏற்காத ஒருவர் எழுதிய ஒன்றரைப் பக்கத்தால் வந்தது.

ஆகவே வழக்கறிஞர் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் என் கோரிக்கை இது. புதிதாக வருபவரின் கட்டைப் பெற்றுக்கொண்டால், பெற்ற தேதியை எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். இரண்டு வாரத்துக்குள் ஏற்கிறீர்களா இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள். ஏற்கவில்லையென்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. கெடு எப்போது முடியக்கூடும் என்பதையும், தாமதிக்காமல் வேறொருவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் இரண்டு வரியில் எழுதிக் கட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். இதைப் பழக்கமாக அன்றி விதியாகவே ஆக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். அதுவரை, இக்கடிதத்தைப் படிக்கும் வழக்கறிஞர் எவருடைய அலமாரியிலாவது இன்னும் பதில் சொல்லாத ஒருவரின் கட்டு இருந்தால், அதை இந்த வாரமே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்